மகளுக்காகப் பேனா பிடித்த தாய்

ஒரு தாய். அவள் கையில் ஒரு பெண் குழந்தை. பொன் நிற முடி. நீல நிறக் கண்கள். பார்த்தவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அவ்வளவு அழகு!

ஆனால் அந்தக் குழந்தைக்கு வயது மூன்று ஆகியும் பேச்சு வரவில்லை.

தாய் டாக்டர் டாக்டராக அலைந்தாள். கடல் கடந்து, கண்டம் விட்டுக் கண்டம் போனாள். குழந்தைக்கு என்ன நோய் என்று கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை.

பதில் அந்தக் குழந்தையின் ரத்தத்தில் இருந்தது. ஒரே ஒரு சொட்டு ரத்தம் போதும், உண்மை தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒரு சொட்டைச் சோதித்துப் பார்க்க அன்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது!

அந்தத் தாய்தான் பிற்காலத்தில் இலக்கியத்துக்காக நோபல் பரிசு பெற்ற பெர்ல் பக் அம்மையார்.

பாதிரியார் மகள்

1892-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற சிற்றூரில் பெர்ல் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். சீனாவில் மதப் பிரசாரம் செய்துவந்தார். பெர்ல் சில மாதக் குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் அவரைச் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

யாங்சி ஆற்றின் கரையில் ஜென்ஜியாங் என்று ஓர் ஊர். அங்கேதான் பெர்ல் வளர்ந்தார். சீனக் குழந்தைகளோடு விளையாடினார். வீட்டில் இருந்த சீன ஆயாவிடம் கதை கேட்டார். ஆங்கிலமும் சீன மொழியும் அவருக்கு இரண்டு கண்கள் போல ஆயின.

அந்த வீட்டில் துக்கமும் குடியிருந்தது. பெர்லின் தாய் ஏழு குழந்தைகளைப் பெற்றார். நான்கு குழந்தைகளைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். ஒரு தாயின் கண்ணீர் எப்படி இருக்கும் என்பதைப் பெர்ல் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார்.

படிப்பதற்காக 1910-ல் அமெரிக்கா சென்றார். 1914-ல் பட்டம் பெற்றார். தாய்க்கு உடல்நிலை சரியில்லை என்று தெரிந்ததும் சீனாவுக்குத் திரும்பினார். 1917-ல் ஜான் லாசிங் பக் என்ற விவசாய நிபுணரை மணந்தார். கணவரோடு வட சீனக் கிராமங்களைச் சுற்றினார். மழைக்கு ஏங்கும் நிலங்களையும், அந்த மண்ணை நம்பி வாழும் குடியானவர்களையும் பார்த்தார். பின்னால் அவர் எழுதிய கதைகளுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

கரோல் பிறந்தாள்

1920-ம் ஆண்டு மார்ச் மாதம் பெர்லுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கரோல் என்று பெயர் வைத்தார்கள். பிறந்தபோது குழந்தை நன்றாகத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

பெர்லுக்குத்தான் உடல் கெட்டது. வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. அமெரிக்கா சென்று ஆபரேஷன் செய்துகொண்டார். இனிமேல் குழந்தை பிறக்காது என்று ஆகிவிட்டது. ஒரே குழந்தை. தாயின் ஆசை எல்லாம் கரோல் மேலேயே இருந்தது.

மாதங்கள் ஓடின. குழந்தையின் தோலில் சொறி வந்தது. உடம்பிலிருந்து ஒருவிதப் பூஞ்சை நாற்றம் வீசியது. எவ்வளவு குளிப்பாட்டினாலும் போகவில்லை. அந்த நாற்றத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அப்போது யார் கண்டார்கள்?

ஓடியாடி விளையாட வேண்டிய வயதில் கரோல் குறிக்கோள் இல்லாமல் அலைந்தாள். அவளை ஒத்த குழந்தைகள் மழலை பேசின. கரோல் பேசவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாக வரும் என்று தெரிந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். தாயின் மனம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்

பெர்ல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போனார். பல டாக்டர்களைப் பார்த்தார். கடைசியில் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள புகழ் பெற்ற மேயோ ஆஸ்பத்திரிக்குப் போனார். தலையிலிருந்து கால் வரை சோதித்தார்கள். உடம்பில் ஒரு கோளாறும் தெரியவில்லை. மூளை மட்டும் ஏன் வளரவில்லை என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் நம்பிக்கையாகச் சில வார்த்தைகள் சொல்லி அனுப்பினார்கள்.

பெர்ல் வெளியே வந்து தாழ்வாரத்தில் நடந்தார். அப்போது பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டர் வெளியே வந்தார். அவர் ஜெர்மானியர். மற்றவர்கள் சொல்லத் தயங்கியதை அவர் சொன்னார். இந்தக் குழந்தை ஒருநாளும் மற்றக் குழந்தைகளைப் போல ஆகாது. வீண் நம்பிக்கையோடு ஊர் ஊராக அலைந்து பணத்தையும் உயிரையும் தேய்க்க வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார்.

நெஞ்சில் கத்தி பாய்ந்தது போல இருந்தது. ஆனால் அந்த டாக்டரைப் பெர்ல் கடைசி வரை நன்றியோடு நினைத்தார். உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான் அல்லவா?

ஆனாலும் தாய் மனம் எளிதில் விடுமா? பெர்ல் மகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் அவள் கையைப் பிடித்து எழுத வைத்தபோது அந்தப் பிஞ்சுக் கை வியர்வையில் நனைந்திருந்தது. குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் பிடிக்கும் என்பதற்காகவே அவள் பாடுபடுகிறாள்! பெர்ல் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவளைப் படிக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை.

பிரிவு

1927-ல் நான்கிங் நகரத்தில் பெரும் கலவரம் மூண்டது. வெள்ளைக்காரர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. ஓர் ஏழைச் சீனப் பெண் தன் குடிசையில் பெர்லின் குடும்பத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள். அந்த இருட்டில் தாயின் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்காதா? தான் செத்துப்போனால் இந்தக் குழந்தையின் கதி என்ன?

1929-ல் பெர்ல் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டார். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாந்து என்ற ஊர். அங்கே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. ஒன்பது வயதுக் கரோலை அங்கே சேர்த்தார். அதற்குப் பணம் வேண்டுமே! கடன் வாங்கினார். மகளை விட்டுவிட்டுச் சீனாவுக்குத் திரும்பினார்.

வெறிச்சோடிய வீடு. திருப்பிக் கட்ட வேண்டிய கடன். மகளின் ஆயுள் முழுவதற்கும் வேண்டிய செலவு. பெர்ல் எழுத உட்கார்ந்தார்.

1931-ல் ‘நல்ல நிலம்’ என்ற நாவல் வெளிவந்தது. வாங் லுங் என்ற சீனக் குடியானவனின் கதை. அமெரிக்காவில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அதுதான் அதிகம் விற்ற நாவல். 1932-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1938-ல் நோபல் பரிசும் வந்தது. இலக்கியத்துக்காக நோபல் பரிசு வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

அந்த நாவலில் வாங் லுங்குக்கு ஒரு மகள் உண்டு. அவளுக்குப் பேச்சு வராது, புத்தி வளராது. தான் போன பிறகு இவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவன் தவிக்கிறான். லட்சக்கணக்கானவர்கள் அதைப் படித்துக் கண் கலங்கினார்கள். அதை எழுதியவர் வீட்டிலும் அப்படி ஒரு மகள் உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது. பெர்ல் அதை வெளியில் சொல்லவில்லை.

புத்தகம் கொண்டுவந்த பணத்தில் வைன்லாந்துப் பள்ளிக்குப் பெருந்தொகை கொடுத்தார். கரோலின் ஆயுள் முழுவதற்கும் ஏற்பாடு செய்தார். அவளும் அவளைப் போன்ற சிறுமிகளும் தங்க ஒரு வீடும் கட்டிக்கொடுத்தார்.

பச்சை நிறம் சொன்ன செய்தி

1934-ம் ஆண்டு பெர்ல் சீனாவை விட்டு அமெரிக்காவிலேயே குடியேறினார். அதே ஆண்டில், வெகு தொலைவில் உள்ள நார்வே நாட்டில், அவர் தேடிய பதில் கிடைத்தது.

அங்கேயும் ஒரு தாய்! அவளுக்கு இரண்டு குழந்தைகள். இரண்டுக்கும் மூளை வளரவில்லை. இரண்டின் உடம்பிலும் ஒரு விசித்திர நாற்றம். அவளும் பல டாக்டர்களிடம் அலைந்தவள்தான். கடைசியாக ஆஸ்பயோர்ன் ஃபோலிங் என்ற டாக்டரிடம் வந்தாள். அவர் முதலில் ரசாயனம் படித்து, பிறகு வைத்தியம் படித்தவர்.

ஃபோலிங் குழந்தைகளின் சிறுநீரை எடுத்து அதில் பெரிக் குளோரைடு என்ற மருந்தை விட்டார். சாதாரணமாக அது பழுப்பு நிறத்தில் இருக்கும். அன்று அது கரும்பச்சையாக மாறியது! அவர் அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பச்சை நிறம் எதனால் வந்தது என்று இரவு பகலாக ஆராய்ந்தார். அது பினைல் பைருவிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். மூளை வளர்ச்சி குன்றிய மற்றவர்களையும் சோதித்து, மொத்தம் பத்துப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 1934-ல் வெளியிட்டார்.

பினைல்கீட்டோன்யூரியா என்பது இந்த நோயின் பெயர். வாயில் நுழையாத பெயர். அதனால் சுருக்கமாகப் பி.கே.யு. என்பார்கள்.

ரத்தத்தில் என்ன கோளாறு?

பால், முட்டை, பருப்பு, மீன் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. அது வயிற்றில் செரித்துச் சின்னச் சின்னத் துண்டுகளாகிறது. அந்தத் துண்டுகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். அவற்றில் ஒன்று பினைல் அலனின். உடம்புக்கு அது ஓரளவு வேண்டும். மிஞ்சுவதை ஈரல் வேறொரு அமினோ அமிலமாக மாற்றிவிடும். இந்த வேலைக்கென்று ஈரலில் ஒரு நொதி இருக்கிறது.

பி.கே.யு. குழந்தைகளுக்கு அந்த நொதி வேலை செய்யாது. அதனால் பினைல் அலனின் ரத்தத்தில் தேங்குகிறது. நல்ல உடம்பில் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 1 மில்லிகிராம் இருக்கும். கடுமையான நோயில் அது 20 மில்லிகிராமுக்கு மேலே போய்விடும். தேங்கியதில் ஒரு பகுதி வேறு பொருளாகி வேர்வையிலும் சிறுநீரிலும் வெளியேறும். கரோல் மேல் வீசிய நாற்றத்துக்குக் காரணம் அதுதான். அவளுடைய வெளிர் நிற முடிக்கும் இந்த நோய் ஒரு காரணமாக இருந்திருக்கும். பினைல் அலனின் மிஞ்சினால் முடிக்கு நிறம் தரும் பொருள் குறைந்துவிடும்.

கோட்டையும் வாசலும்

ரத்தம் உடம்பு முழுவதும் ஓடுகிறது. கை கெடவில்லை, கால் கெடவில்லை. மூளை மட்டும் ஏன் கெட்டது?

மூளை ஒரு கோட்டைக்குள் இருக்கிறது. இது மண்டை ஓட்டைப் பற்றிய பேச்சல்ல. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோட்டை! 1885-ல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மேதை பிராணிகளின் ரத்தத்தில் சாயத்தை ஏற்றிப் பார்த்தார். உடம்பில் எல்லா உறுப்புகளிலும் நிறம் ஏறியது. மூளையில் மட்டும் ஏறவில்லை. அந்த வியப்பிலிருந்துதான் இந்தக் கோட்டையைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது. மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரில் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கின்றன. அதுவே மதில். கண்ட பொருளும் மூளைக்குள் நுழையாமல் அது காக்கிறது.

மதில் இருந்தால் வாசலும் வேண்டும். மூளைக்குச் சாப்பாடு போக வேண்டுமே! அமினோ அமிலங்களில் ஒரு கூட்டம் ஒரே வகையான வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது. பினைல் அலனினும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. டைரோசின், டிரிப்டோபான், லூசின் ஆகியவையும் அதே வாசலில்தான் நிற்க வேண்டும்.

திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். குறுகிய வாசல். ஒரே ஊர்க்காரர்கள் ஆயிரம் பேர் முண்டியடித்து நுழைகிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் எப்படி உள்ளே போவது? ரத்தத்தில் பினைல் அலனின் பெருகினால் இதுதான் நடக்கிறது. வாசலைப் பிடித்துக்கொள்வதில் அது மற்றவற்றைவிடக் கெட்டிக்காரன். மதில் இடிவதில்லை. காவலும் ஓடிப்போவதில்லை. வாசல் அடைபட்டுப்போகிறது!

இதனால் இரண்டு கேடுகள். உள்ளே பினைல் அலனின் அளவுக்கு மீறிச் சேர்ந்து மூளையைக் கெடுக்கிறது. வேண்டிய மற்ற அமினோ அமிலங்கள் உள்ளே போக முடியாமல் குறைந்துபோகின்றன. மூளை வளரவும், நரம்புகள் ஒன்றோடொன்று செய்தி பேசவும் அவைதான் மூலப்பொருள். நரம்புகளைச் சுற்றியுள்ள வெள்ளை உறையும் பழுதாகிறது.

தாயின் வயிற்றில் இருக்கும் வரை தாயின் உடம்பு குழந்தைக்காக அந்த வேலையைச் செய்துவிடும். அதனால்தான் கரோல் பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. பால் குடிக்கத் தொடங்கிய பிறகே கேடு ஆரம்பமானது. மற்றக் குழந்தைகளுக்குப் பொதுவாகப் பால் அமுதம்தான். இந்த நொதி இல்லாத குழந்தைக்கு அதை அளந்து கொடுக்க வேண்டும்.

இது யார் செய்த குற்றம்? யார் குற்றமும் இல்லை. தாய், தந்தை இருவருமே நல்ல உடம்போடு இருந்தும், தங்களுக்கே தெரியாமல் இந்தக் குறையைச் சுமந்தால் இது வரலாம். அப்போதும் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். சாபமும் அல்ல, பாவமும் அல்ல.

ரகசியம் வெளிவந்தது

1950-ல் பெர்ல் தன் மௌனத்தைக் கலைத்தார். வளராத தன் குழந்தையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பலர் வெளியில் காட்டாமல் மறைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஒருவரே வெளிப்படையாகச் சொன்னதும் மற்றப் பெற்றோருக்கும் தைரியம் பிறந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தில் மகளின் நோய்க்குப் பெயர் இல்லை. அது பி.கே.யு. என்பது பல ஆண்டுகள் கழித்தே அவருக்குத் தெரிந்தது.

நோய் தெரிந்தால் போதுமா? மருந்து வேண்டாமா? அதற்கும் வழி பிறந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஒரு தாய் தன் பி.கே.யு. குழந்தைக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று விடாமல் கேட்டாள். ஹார்ஸ்ட் பிக்கல் என்ற டாக்டரும் நண்பர்களும் பால் புரதத்திலிருந்து பினைல் அலனினை நீக்கி ஓர் உணவு தயாரித்தார்கள். ரத்தத்தில் அளவு குறைந்தது. தவழாத குழந்தை தவழ்ந்தது. எழுந்து நிற்கக் கற்றது. தாய்க்குத் தெரியாமல் அந்த உணவில் பினைல் அலனினைக் கலந்து பார்த்தார்கள். சில நாட்களிலேயே குழந்தை பழையபடி ஆயிற்று! உண்மை ருசுவாகிவிட்டது. 1953-ல் இதை உலகத்துக்குச் சொன்னார்கள்.

ஆனால் ஒன்று. கெட்டுப்போன மூளையை உணவு முழுவதும் திருத்தாது. கெடும் முன்பே தொடங்க வேண்டும். பிறந்த சில நாட்களுக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சொட்டு ரத்தம்

அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்ற விஞ்ஞானி இருந்தார். அவருடைய மகனுக்கு மூளை வளர்ச்சி இல்லை. உறவில் ஒரு பெண் குழந்தைக்குப் பி.கே.யு. வந்திருந்தது. வலி தெரிந்தவர் வழி தேடினார். குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைத் தாளில் ஒற்றி எடுப்பது. பினைல் அலனின் அதிகம் இருந்தால் மட்டுமே வளரும் ஒரு கிருமியோடு அதைச் சேர்ப்பது. கிருமி செழித்து வளர்ந்தால் நோய் உண்டு! 1960-களின் தொடக்கத்தில் இந்தச் சோதனை பரவியது. இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு இதே சோதனையைப் புதிய கருவிகளால் செய்கிறார்கள்.

நோய் தெரிந்ததும் அளந்த உணவு தொடங்குகிறது. ஆயுள் முழுவதும் அதைக் கைவிடக் கூடாது. பெண்ணானால் கருத்தரிக்கும் முன்பிருந்தே கூடுதல் கவனம் வேண்டும். அப்படி வளர்ந்த குழந்தைகள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை குட்டிகளோடு வாழ்கிறார்கள்.

பெயர் பொறித்த கல்

பெர்ல் கடைசி வரை எழுதினார். கைவிடப்பட்ட பல குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். ஆசிய இரத்தம் கலந்த அனாதைக் குழந்தைகளுக்கு வீடு தேடிக் கொடுக்க 1949-ல் ஒரு நிலையம் தொடங்கினார். 1973-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி, 80-வது வயதில் காலமானார். பச்சை நிறத்தைக் கண்ட டாக்டர் ஃபோலிங்கும் அதே ஆண்டு ஜனவரியில்தான் மறைந்தார். பெர்லின் கல்லறையில் அவர் பெயர் சீன எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தாய் போன பிறகு கரோலின் கதி என்ன ஆயிற்று? பெர்ல் செய்துவைத்த ஏற்பாடு பொய்க்கவில்லை. கரோல் வைன்லாந்திலேயே இருந்தாள். சங்கீதம் என்றால் அவளுக்கு உயிர். இசை கேட்டு மகிழ்ந்தபடி தாய்க்குப் பிறகு 19 ஆண்டுகள் வாழ்ந்து, 1992-ல், 72-வது வயதில் கண் மூடினாள்.

கரோலுக்கு அந்த ஒரு சொட்டு ரத்தச் சோதனை கிடைக்கவில்லை. அவளுக்குப் பின் பிறந்த ஆயிரமாயிரம் குழந்தைகளுக்குக் கிடைத்தது. நார்வேயில் ஒரு தாய், இங்கிலாந்தில் ஒரு தாய், அமெரிக்காவில் ஒரு தாய். பிள்ளைக்கு என்ன நோய் என்று இவர்கள் கேட்பதை நிறுத்தவே இல்லை. அதனால்தான் பதில் கிடைத்தது.